ஜன்னல் கம்பியில் பச்சைத் துணி

அத்தியாயம் பதினொன்று

பெரியவரை ஏன் இப்படி அநியாயமாகக் கொண்டுபோய்விட்டீர்கள் என்று போன வாரம் முழுக்க வாசகர்களிடம் எனக்குத் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். எனக்கு மட்டும் அவரை அனுப்ப மனசு இருந்ததா என்ன? ஆனால் அந்தத் தகரக் கூரை அறையில், அந்த வெயிலில், வேறு என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை.

தெருவில் எல்லோருக்கும் அவர் லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி இறங்கியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கீழ் வீட்டில் ஏசி மெக்கானிக்கான மகனும் மருமகளும். மருமகளைத் தெருவே விசிலக்கா என்றுதான் கூப்பிடும்.

போன கோடையில் அந்தத் தெருவில் இரண்டு பேர் வெயிலுக்குப் பலியானார்கள். இரண்டு பேருமே தனியாக இருந்த வயசானவர்கள். நாற்றம் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரிந்தது. தெருவே வெட்கிப்போயிற்று. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறத்தான் போகிறது, உங்கள் தெருவைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று நகராட்சியிலிருந்து ஒரு சுகாதார அதிகாரி வந்து உட்கார்ந்தார். பொறுமைசாலியான பெண்மணி.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காலையில் போன் போட்டு விசாரிக்கலாம் என்றார்கள். பெருசுகள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோயின. விசில் ஊதினால் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்க்கட்டும் என்று லைன்மேனின் மருமகள் ஒரு வாரம் விசிலும் கையுமாக அலைந்தாள். குப்பை வண்டி வந்துவிட்டது என்று ஆளுக்கொரு வாளியோடு வெளியே வந்தார்கள். அவளுக்குப் பட்டப்பெயர்தான் மிச்சம்.

கடைசியில் டீக்கடைக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். தனியாக இருக்கிற வயசானவர்கள் காலையில் எழுந்ததும் தங்கள் கையாலேயே ஜன்னல் கம்பியில் ஒரு பச்சைத் துணியைக் கட்ட வேண்டும். எட்டு மணிக்குள் துணி தெரியாத வீட்டுக் கதவைத் தெருக்காரர்கள் தட்டுவார்கள். திறக்காவிட்டால் உடைப்பார்கள். அவ்வளவுதான். முதல் மாதமே எதிர்வீட்டுப் பெரியம்மா குளியலறையில் மயங்கிக் கிடந்தபோது, துணி இல்லாததைப் பார்த்துக் கதவை உடைத்துத்தான் காப்பாற்றினார்கள். இதற்கெல்லாம் முன்னால் நின்றவள் விசிலக்கா.

அந்த விசிலக்காவின் வீட்டிலேயே, துணி கட்டியிருந்த ஜன்னலுக்கு உள்ளே, லைன்மேன் செத்துக் கிடந்தார். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தேன்.

* * *

லைன்மேன் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே மாடி அறை கொதித்தது. மெக்கானிக்கின் அக்கா கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் டிக்கெட் கேட்டுப் பழகிய குரல்.

"இது அறையா, அடுப்பா? இதுல ஒரு மனுஷனைப் படுக்க வெச்சிருக்கீங்களே!"

"கீழ வந்துடுங்க மாமான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டுட்டேன் அண்ணி. அத்தை இருந்த அறை, இங்கதான் இருப்பேன்னுட்டாரு" என்றாள் விசிலக்கா.

"நீ கூப்பிட்டே, சரி. அவர் புள்ள கூப்பிட்டானா?"

பிள்ளை அப்போதுதான் படியேறி வந்து வாசலில் நின்றான். காதில் விழுந்திருக்கும். சட்டைப் பையில் போன் அலறியது. ஊரெல்லாம் வெந்துகொண்டிருந்ததால் அவனுக்கு ஓயாமல் அழைப்பு. எங்கேயோ ஒரு வீட்டில் ஏசியில் கேஸ் தீர்ந்திருக்கும். எடுத்துப் பார்க்காமலே அணைத்தான்.

அவன் அந்தப் படியில் கால் வைத்துச் சில மாதமாகியிருந்தது. இடையில் அப்பாவின் உடலைத் தூக்க மட்டும் வந்தான்.

கோடை தொடங்கும்போது அவன் ஒரு பழைய ஏசியைச் சரிபண்ணி, நண்பனோடு சேர்ந்து தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றினான். அப்பாவுக்காக. லைன்மேன் அதை வாசலிலேயே மறித்தார். "இதோட வெளிப்பெட்டியை எங்கடா வெப்பே? அந்தச் சுவத்துலதானே? அனல் மொத்தமும் எதிர்வீட்டம்மா ஜன்னலுக்குப் போகும். என் உடம்பு குளிர அவங்க வேகணுமா? தெருவுல ஆளுக்கொரு ஏசி மாட்டினா டிரான்ஸ்பார்மர் தாங்காது. எடுத்துட்டுப் போ."

சுமந்து வந்த தோள் வலி, எரிச்சல், வெயில். "அப்போ இதுக்குள்ளயே வெந்து சாவுங்க!" என்று கத்திவிட்டு இறங்கினான். அதுதான் அப்பாவிடம் அவன் பேசிய கடைசி வார்த்தை. அதன் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. ரோஷம் மட்டும் ரெண்டு பேருக்கும் சமமாக இருந்தது.

"அப்பாகூடப் பேச்சு வார்த்தையே இல்லையாமே?" அக்கா விடுவதாக இல்லை. "கீழ் வீட்டுல இருந்துக்கிட்டு மேல ஏறி வர கால் வலிச்சுதாடா உனக்கு?"

"தினமும் பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தேன்."

"எங்கேர்ந்து பாத்தே?"

"கீழேர்ந்து. துணியை."

அவன் ஜன்னலருகே போனான். அந்தத் துணி இன்னும் கம்பியிலேயே இருந்தது. நடந்த களேபரத்தில் யாரும் அவிழ்க்கவில்லை.

"பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது நிமிர்ந்து பார்ப்பேன். துணி ஆடிக்கிட்டு இருக்கும். ஒரு நாள்கூடத் தவறினதில்லக்கா. நான் கெளம்புறதுக்குள்ள கட்டிடுவாரு. பேசலைன்னா என்ன, எனக்காகத்தானே கட்டுறாருன்னு நினைச்சுக்குவேன். 'இருக்கேன்டா, போயிட்டு வா'ன்னு சொல்ற மாதிரி இருக்கும். அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்கலைன்னு…"

அக்கா சட்டையை மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவ்வளவு நேரம் சண்டைக்கு நின்றவள் தம்பியின் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முடிச்சை மெதுவாக அவிழ்த்தான். "மத்ததெல்லாம் நீ எடுத்துக்கக்கா. கட்டில், பீரோ, எது வேணும்னாலும். இது எனக்கு." துணியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

விசிலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் அந்த முடிச்சைப் போட்டது அவள்.

அன்றைக்கு மட்டுமல்ல, எல்லா நாளும். லைன்மேன் ஒரு நாளும் துணி கட்டியதில்லை. கட்ட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தெருவையே கட்டச் சொல்லிவிட்டு நம் வீட்டு ஜன்னல் மொட்டையாக இருந்தால் ஊர் சிரிக்காதா என்று முதல் நாள் அவளே கட்டினாள். பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் டீ கொண்டுபோவாள். மாமா எழுந்து உட்கார்ந்து குடிப்பார். கண்ணால் பார்த்துவிட்டுத்தானே கட்டுகிறோம், யார் கட்டினால் என்ன என்று நினைத்தாள். வீட்டு மனுஷி நினைக்கக்கூடியதுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த ஒரு நாள்தான் பார்க்கவில்லை. முந்தின ராத்திரி கரண்ட் போய், தெரு முழுக்கத் தூங்கவில்லை. கடும் வெப்பம் என்று எச்சரிக்கை வந்திருந்ததால், தெருக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடக் கூடத்தைத் திறந்துவிட அவள் சீக்கிரமே போக வேண்டியிருந்தது. மாமாவின் கதவு சாத்தியிருந்தது. ராத்திரியெல்லாம் புழுங்கிக் கிடந்தவர் இப்போதுதான் கண்ணசந்திருப்பார், தூங்கட்டும் என்று பிளாஸ்கை வாசலில் வைத்தாள். படிக்கட்டில் நின்றபடியே, உள்ளே திரை போட்டிருந்த ஜன்னலில் எட்டித் துணியைக் கட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தபோது பிளாஸ்க் வைத்த இடத்திலேயே இருந்தது.

உடலைப் பார்த்த டாக்டரிடம் அவள் தனியாகக் கேட்டாள். ராத்திரியே மயங்கியிருப்பார், விடியும்போது மூச்சு இருந்திருக்கலாம் என்றார் அவர். காலையில் பார்த்திருந்தால்? "பிழைச்சிருக்கலாம்மா. பிழைக்காமலும் போயிருக்கலாம். இனிமே அதைச் சொல்ல முடியாது." அந்த பதிலை இத்தனை நாளாக அவள் ஒருத்தியே சுமந்துகொண்டிருக்கிறாள்.

* * *

மத்தியானம் டீக்கடைக்காரர் வந்தார். எப்போதும் வாய் ஓயாத மனுஷன். அன்றைக்கு வாசலிலேயே செருப்பை ஓரமாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு நின்றார்.

"சாயங்காலம் கூட்டம் இருக்கும்மா. நீ வந்தா போதும், பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன். துணி கட்டுறதை நிறுத்திடலாம்னு முடிவு பண்ணியாச்சு."

"யாருண்ணே முடிவு பண்ணது?"

"எல்லாரும்தான். துணி கட்டியிருந்த வீட்லயே, அதுவும் உன் வீட்லயே, இப்படி ஆயிடுச்சு. காலையில நல்லா இருந்தவரு மத்தியானத்துக்குள்ள போயிட்டாருன்னா, அந்தத் துணியால யாருக்கு என்ன பிரயோஜனம்?" அவர் குரல் இறங்கியது. "எல்லாம் என் யோசனைதானே. அன்னிக்கு உங்க வீட்டைத் தாண்டித்தான் போனேன். துணி தெரிஞ்சுது. லைன்மேன் நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அன்னிலேர்ந்து கடையில கை ஓட மாட்டேங்குது. ஒருத்தருக்கு ரெண்டு தடவை சர்க்கரை போடுறேன், இன்னொருத்தருக்குப் போடுறதே இல்ல."

"உங்க மேல தப்பு இல்லண்ணே."

"நீ சொல்லுவேம்மா. உன் மனசு அப்படி."

அவர் போன பிறகு விசிலக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் மனசு அப்படி என்றதுதான் அவளைக் குத்தியது. நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக்கட்டை. பிள்ளைகள் இருக்கிறார்கள், தூரத்தில் இருக்கிறார்கள். போனில் இருக்கிறார்கள்.

"நிறுத்தப் போறாங்களாமே?" என்றார் பெரியம்மா.

"அப்படித்தான் சொல்றாங்க பெரியம்மா."

"அப்போ எனக்கு யாரு வந்து தட்டுவா?"

கேலியாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. கடையில் அரிசி இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார்.

விசிலக்காவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் துணி கட்டுவது நின்றுபோகும், நாளைக்கு எதிர்வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், டீக்கடைக்காரர் செய்யாத தப்புக்குச் சாகிற வரை மருகுவார். வாயைத் திறந்தால் புருஷனின் சட்டைப் பையில் இருப்பது வெறும் துணியாகிவிடும். அப்பா தன்னை மன்னித்தார் என்பதற்கு அவனிடம் இருக்கிற ஒரே சாட்சி அது. அதை அவள் கையாலேயே பிடுங்க வேண்டும்.

அவனிடம் முதலில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று எழுந்து உள்ளே போனாள். அவன் கூடத்தில் தரையில் படுத்திருந்தான். பல நாளுக்குப் பிறகு நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. தூங்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த அடுத்த கணமே அந்த வார்த்தை அவளைத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியும் அவள் எழுப்பவில்லை.

* * *

பள்ளிக்கூடக் கூடம் நிறைந்திருந்தது. தெருக்காரர்களே கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கவிட்ட கூடம். வெளியிலிருந்து உள்ளே வந்தால் வேறு ஊருக்கு வந்தது போலிருக்கும். மத்தியானங்களில் சீட்டாடவே ஒரு கூட்டம் வரும். அன்றைக்கு யாரும் சீட்டுக்கட்டைத் தொடவில்லை.

சுகாதார அதிகாரி எழுந்து இரண்டு வார்த்தை அனுதாபம் சொன்னார். நாளையிலிருந்து மறுபடி கடும் வெப்பம், முந்தினதைவிட மோசமாக இருக்கும் என்றார். "உங்க துணித் திட்டத்தை மத்த தெருக்களுக்கும் சொல்லலாம்னு இருந்தேன். இப்போ நீங்களே வேண்டாம்னு சொன்னா, அலுவலகத்துல ஒரு போன் நம்பர் தருவாங்க. உடம்பு முடியாதவங்க அதுக்குக் கூப்பிடணும்."

"மயங்கிக் கிடக்கிறவ எப்படிம்மா கூப்பிடுவா?" என்றார் பெரியம்மா.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

டீக்கடைக்காரர் எழுந்தார். "பெரியம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா துணியை நம்பித்தானே லைன்மேனைக் கோட்டை விட்டோம்? துணி இல்லைன்னாலாவது நாலு பேரு போய் எட்டிப் பாத்திருப்போம். தப்பான நம்பிக்கை கொடுக்கிறதுக்குப் பேசாம இருக்கலாம். யோசனை சொன்னவன் நான். நானே சொல்றேன், நிறுத்திடுவோம்."

ஆமாம் ஆமாம் என்று குரல்கள் எழுந்தன. பின் வரிசையில் மெக்கானிக் அக்காவோடு உட்கார்ந்திருந்தான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

விசிலக்கா எழுந்தாள். புருஷன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லியிருக்க மாட்டாள்.

"அண்ணே சொல்றது தப்பு. அந்தத் துணியை மாமா கட்டலை. நான் கட்டினேன்."

சிலருக்குப் புரியவே இல்லை. "அன்னிக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அன்னிக்கும்தான். எல்லா நாளும் நான்தான். அவரு கட்ட மாட்டேன்னுட்டாரு. தெருவுக்கு முன்னாடி அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு நான் கட்டினேன். தினமும் முகத்தைப் பாத்துட்டுத்தான் கட்டுவேன். அன்னிக்குப் பாக்கலை. தூங்குறாருன்னு நெனச்சேன்." முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். "ராத்திரியே மயங்கிட்டாரு. துணி கட்டும்போது அவரு உள்ள விழுந்து கிடந்திருக்காரு. எனக்குத் தெரியலை. நான் கட்டிட்டு இங்கதான் வந்தேன். உங்களுக்கெல்லாம் கதவு திறக்க."

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

டீக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "அப்போ அன்னிக்கு ஜன்னல்ல துணி இல்லாம இருந்திருந்தா…"

"எட்டு மணிக்கு நீங்க தட்டியிருப்பீங்கண்ணே."

"உடைச்சிருப்பேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சுமை இறங்கியதற்கு அழுதாரா, லைன்மேனுக்காக அழுதாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு கூட்டம் எனக்குத் தெரிந்து ரொம்ப நேரம் நடக்கவில்லை. துணி தொடரும் என்று முடிவாயிற்று. அவரவர் கையாலேயே கட்ட வேண்டும், வீட்டு மனுஷர்கள் கட்டிவிடக் கூடாது, துணி இருந்தாலும் கடும் வெப்ப நாளில் ஒரு தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நாளைக் காலை யார் யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்தார்கள். விசிலக்காவின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். பெரியம்மா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

தைரியத்தைச் சேகரித்துக்கொண்டு அவள் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவும் தம்பியும் இருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன.

* * *

பொழுது இறங்கியும் தெருவில் அனல் இறங்கவில்லை. வீட்டு வாசலில் பைக் நின்றது. அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததைப் பார்த்தும் பார்க்காதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் தம்பியை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அக்கா. "நீ வர வேண்டாம். அவன் எப்போ திரும்பி வருவான்னும் கேக்காதே."

விசிலக்கா தலையசைத்தாள். கேட்கிற உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. புருஷனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்."

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலையில நீங்க அதைப் பைல வெச்சுக்கிட்டப்போ சொல்ல வந்தேன். வாய் வரலைங்க."

"ஒரு நாளாவது" என்றான் அவன். அவள் பக்கம் திரும்பி மறுபடி கேட்டான். "ஒரே ஒரு நாளாவது அவரே கட்டினாரா?"

ஒரு பொய் போதும். நடுவில் ஒரு நாள் நான் போவதற்குள் அவரே கட்டிவிட்டார் என்று சொன்னால் போதும். அவன் நம்புவான், நம்பக் காத்துக்கொண்டிருந்தான். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. சொல்லேன் என்று எனக்கே கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னொருவர் செய்யாததைச் செய்ததாகக் காட்டித்தான் அவள் இந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"இல்லங்க."

"அவ்வளவு வெறுப்பா என் மேல?"

"ஐயோ, இல்லங்க!"

"பின்ன ஏன்? ஒரு துணி. எழுந்து கட்டுறதுக்கு என்ன? தெருவுக்காக வேண்டாம், நான் கீழேர்ந்து பார்ப்பேன்னு அவருக்குத் தெரியும்தானே? வெந்து சாவுன்னு சொன்னவனுக்கு நான் ஏன்டா கட்டணும்னு விட்டுட்டாரு. அதானே? சொல்லு. அதானே?"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் நினைப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். எது சரி என்றும் தெரியும். சரியானது இதைவிடக் கொடுமை.

"சொல்லும்மா" என்றாள் அக்கா. அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. "அப்பா என்ன சொன்னாரு?"

"முதல் நாள் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரிச்சாரு. 'கட்டலைன்னா என்னம்மா ஆகும்'னு கேட்டாரு. துணி இல்லைன்னா வந்து பார்ப்பாங்க மாமான்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'அப்போ நான் கட்டலை. கீழேர்ந்து அவன் வந்து பாக்கட்டும்'னாரு."

மெக்கானிக் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"தினமும் அதைத்தாங்க சொல்லுவாரு. கட்டாதேன்னு என்கிட்டயும் சொல்லுவாரு. டீயைக் குடிச்சுட்டு, இன்னிக்கு அவன் வருவான் பாருன்னுவாரு. நான் இறங்கி வரும்போது கட்டிட்டு வந்துடுவேன், சாயங்காலம் அவிழ்த்துடுவேன். வெயிலுக்காக அந்த ஜன்னல் திரையை அவரு விலக்கவே மாட்டாரு. அவருக்குத் தெரியாது. நீங்க ஏன் வரலைன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அவன் எழுந்தான். சட்டைப் பையைக்கூடத் தொடவில்லை. வெளியே போய் மாடிப்படி ஏறினான். ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் கீழே கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம், தாழ் போடும் சத்தம்.

விசிலக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்னாலேயே ஓடினாள். பகல் முழுக்கக் காய்ந்த தகரம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கதவைத் தொட்டால் சுட்டது.

"என்னங்க, திறங்க. உள்ள இருக்க முடியாதுங்க. தண்ணியாவது குடிங்க."

"போ."

"திறந்துட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

"உயிரோடதான் இருக்கேன். போ கீழ."

அக்கா படிக்கட்டின் பாதியில் வந்து நின்றாள். "விடும்மா. அழுது தீர்த்துட்டு அவனே வருவான். தனியா இருக்கட்டும். இறங்கி வா."

விசிலக்கா சொம்பைக் கதவோரமாக வைத்தாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தூங்கட்டும்னு ஒரு தடவை இந்த வாசல்ல இருந்து இறங்கிப் போயிட்டேன் அண்ணி. இன்னொரு தடவை போக மாட்டேன்."

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.